ஜாடிக்கேற்ற மூடிதானா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் கழற்றும் கூரைகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணில் படும்: ஒரிஜினல் ஹார்ட்டாப். காரோடு கழற்றி மாட்டக்கூடிய கெட்டிக் கூரையும் வருகிறது, அது காரைத் தயாரித்த நிறுவனமே கொடுத்த கூரை என்பது அதன் பொருள். விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். அது உண்மையிலேயே தொழிற்சாலைக் கூரையா, இந்தக் காரோடு வந்த கூரையா என்று கேட்டுப் பாருங்கள். விற்பவரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. பல வேளைகளில் அவருக்கே தெரியாது.

என்ஜினில் எண் இருக்கிறது. சேஸியில் எண் இருக்கிறது. இரண்டையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடலாம். கூரைக்கு அந்த வசதி இல்லை. ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த 230எஸ்எல் காரில், காரின் பாடி எண்ணைக் கூரையிலும் அடித்து வைத்தார்கள். அதனால் எந்தக் கூரை எந்தக் காருடையது என்று இன்றும் பார்த்துச் சொல்ல முடிகிறது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் பொதுவாக அந்த வேலைக்குப் போகவில்லை. எண் இல்லை, நான்கைந்து திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அறுபது ஆண்டுகளில் அப்படிப்பட்ட ஒரு பொருள் எத்தனை வீடு மாறியிருக்கும் என்று யோசித்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

தோட்டத் துரைமார்களின் ஆஸ்டின், மோரிஸ் கார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த நிறுவனப் பெயர்கள் புதிதல்ல. அவற்றின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏன் கழற்றும் கூரை தேவைப்பட்டது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடலாம்.

மழையும் குளிரும் பந்தயமும்

1953இல் வந்த டிரையம்ப் டிஆர்2, 1955இல் வந்த எம்ஜிஏ ஆகிய கார்களில் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் வசதி கிடையாது. மழை வந்தால் பக்கவாட்டுத் திரைகளை எடுத்துக் கதவில் செருக வேண்டும். தலைக்கு மேல் துணிக் கூரையை இழுத்துப் பித்தான்களில் மாட்ட வேண்டும். வெளியிலிருந்து கதவைத் திறக்கக் கைப்பிடிகூட இல்லை. திரைக்குள் கையை விட்டுத் திறப்பதுதான் வழக்கம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் இப்படி ஒரு காரை ஓட்டுவது ஒரு தண்டனை. ஆகவே குளிர்காலத்துக்குக் கெட்டிக் கூரை, கோடைக்குத் துணிக் கூரை என்ற ஏற்பாடு வந்தது. கூரை காரின் விலையில் அடங்காது. வேண்டும் என்பவர் தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணம் பந்தயம். கூரை மூடிய காரைத்தான் ஜிடி பிரிவில் சேர்ப்பார்கள். டிஆர்3 காருக்குக் கெட்டிக் கூரையையும் வெளிக் கதவுக் கைப்பிடிகளையும் ஒரே தொகுப்பாக விற்றதற்கு இதுவே காரணம். எம்ஜிபியும் இதே வழியில் போனது. 1963ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கெர்க், ஆலன் ஹட்சிசன் இருவரும் ஓட்டிய எம்ஜிபி, கெட்டிக் கூரை மாட்டிக்கொண்டுதான் ஓடியது. நடுவில் மணலில் புதைந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டி எடுத்த பிறகும் அது 12ஆவதாக முடித்தது. 1964 மான்டி கார்லோ ராலியில் மோர்லி சகோதரர்கள் எம்ஜிபியில் ஜிடி பிரிவை வென்றார்கள். இந்த வெற்றிகளுக்குப் பிறகு, சாதாரண வாடிக்கையாளரும் தன் காரில் அதே போன்ற கூரை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

அந்தக் காலம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கதவுகள் வந்தன, துணிக் கூரைகள் மேம்பட்டன. 1965இல் எம்ஜிபி ஜிடி என்ற நிரந்தரக் கூரை கொண்ட காரே வந்துவிட்டது. கூரை வேண்டும் என்பவர் அதையே வாங்கிக்கொண்டார்.

அசல் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஒரே சொல்லை விற்பவர் ஒரு பொருளிலும் வாங்குபவர் வேறு பொருளிலும் புரிந்துகொள்வதால்தான் இந்தத் துறையில் சண்டை வருகிறது. கார் தயாரானபோதே தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய கூரை உண்டு. தொழிற்சாலை செய்து பெட்டியில் கொடுக்க, விற்பனையாளர் தன் பட்டறையில் மாட்டிய கூரையும் உண்டு. டிரையம்ப் கார்களுக்கு ஸ்டேன்பார்ட் என்ற பெயரில் வந்த உதிரிப் பாகங்களை இதற்குச் சொல்லலாம். பொருள் ஒன்றுதான், மாட்டிய இடம் வேறு. இவற்றுக்கு வெளியே, அதே காலத்தில் மூன்றாம் தரப்பினர் செய்து விற்ற கூரைகளும் ஏராளம். லென்ஹாம், ஆஷ்லி லாமினேட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஃபைபர்கிளாஸில் கூரை வார்த்து ஸ்பிரைட், மிட்ஜெட் போன்ற சிறிய கார்களின் உரிமையாளர்களுக்கு விற்றன. கடைசியாக, இன்றைய காலத்தில் புதிதாகச் செய்யப்படும் மறுபதிப்புகள்.

இதில் மூன்றாம் தரப்புக் கூரையைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. 1960களில் ஒருவர் லென்ஹாம் கூரை வாங்கி மாட்டியிருந்தால் அது அந்தக் காரின் சொந்தக் கதை. உண்மையைச் சொல்லி விற்கும் லென்ஹாம் கூரை, தொழிற்சாலைக் கூரை என்று பொய்ப் பெயர் சூட்டிய மறுபதிப்பைவிட எவ்வளவோ மேல். பிரச்சினை, ஃபைபர்கிளாஸ் எல்லாம் சாயம் பூசிய பிறகு ஒன்று போலவே தெரிவதுதான்.

பெயரே குழப்பம்: டிஆர்4

இந்தக் கூரைகளில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் குழப்புவதும் டிரையம்ப் டிஆர்4 காரின் கூரைதான். 1961இல் வந்த இந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. கூரைக்கு அதுவரை யாரும் செய்யாத ஒரு வழி இதில் கையாளப்பட்டது. மற்ற கார்களில் கூரை ஒரே துண்டு. டிஆர்4இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். பின்பக்கம் வளைந்த பெரிய கண்ணாடி, அதைச் சுற்றி வார்ப்பு அலுமினியச் சட்டம். இந்தப் பகுதி காரின் பின்புறத்தில் போல்ட் போட்டு நிரந்தரமாக நிற்கும். முன் கண்ணாடிக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு தகடு மூடும். அந்தத் தகட்டை மட்டும் கழற்றினால் தலைக்கு மேல் வானம், முதுகுக்குப் பின்னே காற்று அடிக்காத கண்ணாடி. போர்ஷே நிறுவனம் 1965இல் இதே கருத்தை 911 காரில் காட்டி, சிசிலியில் நடந்த டார்கா ஃபுளோரியோ பந்தயத்தின் பெயரை அதற்குச் சூட்டியது. இன்று உலகமே அந்த வகைக் கூரையை டார்கா என்கிறது. முதலில் செய்தவர் பெயர் பலருக்குத் தெரியாது.

கழற்றிய தகட்டை எங்கே வைப்பது? காருக்குள் இடமில்லை. வீட்டில் வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். வழியில் மழை வந்தால்? அதற்காக மடக்கக்கூடிய சிறு கம்பிச் சட்டமும் அதன் மேல் போர்த்தும் வினைல் துணியும் தனியாக விற்கப்பட்டன. மடித்தால் பின் இருக்கைப் பகுதியில் அடங்கிவிடும். இந்தத் துணிப் பகுதிக்குத்தான் சர்ரே டாப் என்று பெயர். நிறுவனத்தின் பழைய பாகப் பட்டியலில், கண்ணாடிச் சட்டமும் தகடும் சேர்ந்தது ஹார்ட்டாப் தொகுப்பு என்றும், துணியும் அதன் சட்டமும் சர்ரே டாப் என்றும் தனித்தனியாகவே போடப்பட்டிருக்கின்றன. இன்று சந்தையில் முழு அமைப்பையும் சர்ரே என்றே அழைக்கிறார்கள். ஒருவர் சர்ரே உள்ள கார் என்று விளம்பரம் செய்தால், அவரிடம் மூன்றும் இருக்கின்றனவா, கண்ணாடிச் சட்டமும் துணியும் மட்டும்தானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு தகட்டைத் தேடி அலைவது செலவுள்ள வேலை.

தகடு அரிதாகப் போனதற்குக் காரணமும் இதுவே. வீட்டில் விட்டுச் செல்லும் பொருள், கார் விற்கப்படும்போது கூடவே போக மறந்துவிடும். வீடு மாறும்போது கொட்டகையில் கிடக்கும். கண்ணாடிச் சட்டமோ காரிலேயே போல்ட் போட்டு நிற்பதால் காரோடு பயணம் செய்திருக்கிறது.

தகட்டிலும் வகை உண்டு. ஏறத்தாழ முதல் 500 தகடுகள் அலுமினியத்தில் வந்தன. பிறகு எஃகுக்கு மாறினார்கள். டிஆர்4 மொத்தம் 40,253 கார்கள் தயாராயின என்பதை வைத்துப் பார்த்தால் அலுமினியத் தகடு எவ்வளவு அரிது என்று புரியும். பையில் ஒரு சிறு காந்தம் இருந்தால் போதும். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் உடனே அலுமினியம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஃபைபர்கிளாஸிலும் காந்தம் ஒட்டாது, இக்கால அலுமினிய மறுபதிப்பிலும் ஒட்டாது. முதல் தொகுதிக் காரில் அலுமினியத் தகடு இருப்பது இயல்பு. 1964ஆம் ஆண்டுக் காரில் இருந்தால், அது எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கூரை அடுத்து வந்த டிஆர்4ஏ, டிஆர்5 கார்களுக்கும், அமெரிக்காவுக்கென்றே செய்த டிஆர்250 காருக்கும் கிடைத்தது. இதில் டிஆர்5 மொத்தமே 2,947 கார்கள்தான். அதிலும் கூரையோடு வெளிவந்தவை ஒரு பகுதி மட்டுமே. எனவே தொழிற்சாலையிலேயே இந்தக் கூரை மாட்டிய டிஆர்5 என்று நிரூபிக்க முடிந்தால் அது பெரிய விஷயம். நிரூபிக்க முடிந்தால் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். டிஆர்4இன் கண்ணாடிச் சட்டத்தை டிஆர்5இல் மாட்டுவது ஒரு நாள் வேலை.

1968இல் டிஆர்6 வந்தபோது ஜெர்மனியின் கார்மான் நிறுவனம் காரின் முன்பின் பகுதிகளை மாற்றி வரைந்தது. இரண்டு துண்டுக் கூரை அதோடு போயிற்று. டிஆர்6க்கு வழக்கமான ஒரே துண்டு எஃகுக் கூரைதான்.

கூரை மட்டும், துணி இல்லை

சன்பீம் ஆல்பைன் காரின் கதை வேறு மாதிரி. 1962இல் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான டாக்டர் நோவில் ஷான் கானரி ஓட்டிய நீல நிறக் கார் இதுதான். 1963இல் வந்த மூன்றாம் வரிசையில் ஜிடி என்று ஒரு வகை செய்தார்கள். அதில் கெட்டிக் கூரை காரோடு சேர்ந்தே வரும், துணிக் கூரை கிடையவே கிடையாது. துணி மடங்கும் இடத்தைப் பின் இருக்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். கூரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டால், மழையில் நனைவதைத் தவிர வழியில்லை. நம் ஊர் மாலை மழைக்கு இப்படி ஒரு காரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆல்பைன் ஜிடியில் கெட்டிக் கூரை இருப்பது அரிதே அல்ல, இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால்தான் கேள்வி. கூரையின் உருவமும் வரிசைக்கு வரிசை மாறியது. முதல் இரண்டு வரிசைகளின் கூரை உருண்டு வளைந்திருக்கும், மூன்றாவதிலிருந்து மூலைகள் கூர்மையாகிவிட்டன. டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும் 1970இல் நான்காம் வரிசை வந்தபோது கூரை இதே போல மாறியது. முன்னதன் கூரையைப் பின்னதில் பார்த்தால், அது காரோடு பிறந்ததல்ல என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

ஜாகுவார்

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பின் திறந்த வகைக்கு ஃபைபர்கிளாஸ் கூரை தனியாகக் கிடைத்தது. இந்தக் கார் நம் பக்கத்துக்கும் அந்நியமல்ல. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களில், 1962ஆம் ஆண்டின் வெற்றியாளர் யோங் நாம் கீ ஓட்டியது ஈ-டைப்தான்.

ஆனால் ஈ-டைப் கூரைகளில் உச்சம், லைட்வெயிட் என்ற பந்தய வகையில் இருந்தது. 1963 முதல் கட்டப்பட்ட இந்தக் காரின் பாடி அலுமினியம், கூரையும் அலுமினியம். திறந்த காரின் பாடி வளைந்து கொடுக்காமல் இருக்க, அந்தக் கூரை இறுக்கிப் பிணைக்கப்பட்டது. பெயருக்குத்தான் கழற்றும் கூரை, வேலையில் அது காரின் எலும்பு. 18 கார்களுக்கு எண் ஒதுக்கிவிட்டு 12 மட்டும் கட்டினார்கள். மிச்சமிருந்த 6 எண்களை வைத்து அதே காரைக் கட்டப்போவதாக 2014இல் ஜாகுவாரே அறிவித்துக் கட்டியது. அரை நூற்றாண்டு கழித்து அதே நிறுவனம், அதே எண் வரிசையில் செய்த கூரை அசலா, மறுபதிப்பா? தொழிற்சாலையில் செய்தது என்பது மட்டுமே அசலுக்கு அளவுகோல் என்றால், அதுவும் அசல்தான். காலமும் சேர வேண்டும் என்றால் இல்லை. ஏலக் கூடங்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. அதுதான் நியாயம்.

சாயம் பொய் சொல்லாது

எண் இல்லாத பொருளை எப்படிச் சோதிப்பது? பட்டறைக்காரர்கள் முதலில் பார்ப்பது மேல்பக்கத்தை அல்ல, அடிப்பக்கத்தை. கூரையின் உள்துணியைச் சற்று விலக்கினாலோ, ரப்பர் பட்டையை எடுத்தாலோ, பழைய சாயம் அடுக்கடுக்காகத் தெரியும். காரின் முதல் நிறம் என்னவென்று பதிவேட்டில் இருக்கும். கூரையின் அடியில் அதே நிறம் முதல் அடுக்காக இருந்தால் அது வலுவான சாட்சி. அடியில் பச்சையும் காரின் முதல் நிறம் சிவப்பும் என்றால், கூரை வேறொரு காரிலிருந்து வந்திருக்கலாம். சில கார்களில் கூரையை வேறு நிறத்தில் கேட்டு வாங்கியவர்களும் உண்டு என்பதால், நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பழைய கூரை கிடைத்தவுடன் மொத்தச் சாயத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள், தங்களிடம் இருந்த ஒரே ஆதாரத்தையும் குப்பையில் போடுகிறார்கள்.

கண்ணாடியும் பேசும். பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் டிரிப்ளெக்ஸ் கண்ணாடிதான். அதன் மூலையில் உள்ள முத்திரையில், எழுத்துகளுக்கு மேலும் கீழும் சிறு புள்ளிகள் இருக்கும். தயாரான ஆண்டையும் காலாண்டையும் அந்தப் புள்ளிகள் குறிக்கின்றன. கார் வெளிவந்த தேதிக்குச் சற்று முந்தைய கண்ணாடி என்றால் பொருத்தம். காருக்குப் பல ஆண்டுகள் பிந்தியது என்றால், கண்ணாடி உடைந்து மாற்றப்பட்டிருக்க வேண்டும் அல்லது கூரையே பிந்தியதாக இருக்க வேண்டும். பின்பக்கம் கண்ணாடிக்குப் பதில் பெர்ஸ்பெக்ஸ் இருந்தால், அது மூன்றாம் தரப்புக் கூரையா என்று விசாரிப்பது நல்லது.

அடுத்தது துளைகள். துணிக் கூரையோடு வந்த டிஆர்4இல், பின்பகுதியில் துணியை மாட்டும் பித்தான்கள் வரிசையாக இருக்கும். பிறகு யாராவது கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தால் அந்தத் துளைகளை அடைத்துச் சாயம் பூசியிருப்பார்கள். பூட்டைத் திறந்து அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அடைத்த இடம் தெரியும். இது மோசடிக்குச் சான்று ஆகிவிடாது. முதல் உரிமையாளரே ஆறு மாதம் கழித்து விற்பனையாளரிடம் போய் மாட்டியிருக்கலாம். ஆனால், தொழிற்சாலையிலிருந்தே இப்படி வந்தது என்று ஒருவர் சொன்னால், இந்தத் துளைகள் அதை மறுத்துவிடும். டிஆர்4இன் வார்ப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பதே பாதி விடை தரும். உலோகத்தின் ஒலி வேறு, ஃபைபர்கிளாஸின் ஒலி வேறு.

காகிதமும் உண்டு. இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி போன்ற கார்களின் தயாரிப்புப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. சேஸி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கார் கட்டப்பட்ட தேதி, முதல் நிறம், பதிவில் உள்ள அளவுக்குத் தொழிற்சாலையில் மாட்டிய கூடுதல் பாகங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். ஜாகுவாருக்குத் தனி அறக்கட்டளை இருக்கிறது. இந்தச் சான்றிதழில் ஹார்ட்டாப் என்ற சொல் இருந்தால் கார் கூரையோடு வந்தது உறுதி. இப்போது மாட்டியிருப்பது அதே கூரைதானா என்பதைச் சாயமும் கண்ணாடியும்தான் சொல்ல வேண்டும். சான்றிதழில் அந்தச் சொல் இல்லை என்றாலும் கூரை போலி என்று ஆகிவிடாது. விற்பனையாளர் மாட்டியது தொழிற்சாலைப் பதிவேட்டில் ஏறியிருக்காது.

அரிது என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். எம்ஜிபி, எம்ஜிபி ஜிடி இரண்டும் சேர்ந்து 5 இலட்சத்துக்கும் மேல் தயாராயின. கார்கள் துருப்பிடித்து உடைக்கப்பட்டபோது, துருப்பிடிக்காத ஃபைபர்கிளாஸ் கூரைகள் கொட்டகைகளில் தப்பிப் பிழைத்தன. எனவே எம்ஜிபிக்கு ஒரு கூரை தேடுவது கடினமில்லை. பிறந்த நாள் முதல் பிரியாத காரும் கூரையும் கிடைப்பதுதான் கடினம். இத்தனை கூரைகள்தான் செய்யப்பட்டன என்று ஒருவர் துல்லியமான எண்ணைச் சொன்னால், அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

கூரை வாங்கும்போது பழைய போல்ட்டுகள், பிடிப்புகள், நைந்த ரப்பர் பட்டைகள் ஆகியவற்றையும் விடாமல் கேட்டு வாங்குவது நல்லது. புதிய ரப்பர் கடையில் கிடைக்கும், அந்தக் காலத்துப் பிடிப்பு எளிதில் கிடைக்காது. எந்தக் காரிலிருந்து கழற்றியது என்பதை, அதன் சேஸி எண்ணோடு, ரசீதிலேயே எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்து வாங்குபவர் இதே கேள்விகளைக் கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.